குஸ்மான் என்ன சொல்வான்?

புரோச்கா ஞாயிறு வருகிறது என்றால், என் அக்கா பிசெரா ஒரு வாரத்துக்கு முன்பே கைகளுக்கு க்ரீம் தடவ ஆரம்பித்துவிடுவாள்.

அன்றைக்குச் சின்னவர்கள் எல்லாரும் பெரியவர்களைத் தேடிப் போக வேண்டும். ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, கையில் முத்தமிட்டு, “என்னை மன்னிச்சிடுங்க” என்று கேட்க வேண்டும். அவர்கள், “நான் மன்னிச்சேன், கடவுளும் மன்னிக்கட்டும்” என்று பதில் சொல்வார்கள். மறுநாள் ஈஸ்டருக்கான நோன்பு தொடங்கிவிடும். யார்மீதும் கசப்பு வைத்துக்கொண்டு நோன்புக்குள் போகக் கூடாது.

எங்கள் முற்றத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் அப்பா, அம்மா, பிசெரா, நான். எதிர் வீட்டில் ஸ்பாசே சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகன் குஸ்மான். பிசெராவுக்குப் பதினொரு வயது. துன்யாவாகிய எனக்கு ஒன்பது. குஸ்மானுக்கு ஆறு. ஆகவே நானும் குஸ்மானும் வருடா வருடம் பிசெராவிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

அவளும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் கேட்பேன். அவளுடைய கலர் பேனாக்களை எடுத்ததே போதும், ஒரு வருட மன்னிப்புக்கு.

அந்த வருடம் புரோச்காவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு ஷார்கா காணாமல் போனது.

ஷார்கா ஒரு புள்ளிக் கோழி. குஞ்சாக இருந்தபோதிலிருந்து பிசெரா வளர்த்தது. மற்ற கோழிகள் பயந்து ஓடும்போது ஷார்கா மட்டும் அவள் ஷூ கயிற்றைக் கொத்திக் கொத்தி இழுக்கும். அன்று காலை கோழிக்கூண்டின் கதவு திறந்து கிடந்தது. ஓடைக்குப் பக்கத்தில் புள்ளி போட்ட இறகுகள் சிதறிக் கிடந்தன. நரியின் வேலை.

பிசெரா அழுதாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

“குஸ்மான்! நேத்து சாயங்காலம் கூண்டுக்குப் போனது நீதானே?”

குஸ்மான் தினமும் மாலையில் கோழிகளுக்குச் சோளம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி “குட் நைட்” சொல்லிவிட்டு வருவான்.

“ஆமாக்கா, போனேன். ஆனா கதவை மூடிட்டுதான் வந்தேன்.”

“மூடினா எப்படிடா திறக்கும்? நரி வந்து கொக்கியைக் கழட்டிச்சா?”

“குச்சியைச் செருகினேன்க்கா. செருகின மாதிரிதான் ஞாபகம்.”

“மாதிரியா? உன்னாலதான் ஷார்கா செத்துப் போச்சு! உன்னை யார் கூண்டுக்குள்ள விட்டது?”

அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். சித்தப்பா குஸ்மானின் தோளைப் பிடித்து உலுக்கினார். “இனிமே கோழிக்கூண்டுப் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா தெரியும் சேதி!”

குஸ்மான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “மூடினேன்னு நெனச்சேன்,” என்றான் மெதுவாக. “மூடலையோ என்னவோ.”

அதற்குப் பிறகு அவன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். எந்தக் கதவை மூடினாலும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். இரண்டு அடி போவான், மறுபடியும் வருவான். பிரிட்ஜ் கதவைக்கூட மூன்று தடவை அழுத்திப் பார்த்தான். அவனால் பள்ளிக்கூட வேன் தினமும் ஐந்து நிமிடம் காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. அம்மா கோட்டுகளை வெளியே தொங்கவிடச் சொன்னாள். பிசெரா தன் கோட்டை உதறினாள். பாக்கெட்டிலிருந்து என்னவோ ‘டக்’ என்று கல்தரையில் விழுந்தது.

ஒரு மரக்குச்சி. விரல் நீளம். நுனியில் சிவப்பு பெயின்ட்.

கோழிக்கூண்டுக் கொக்கியில் செருகும் குச்சி அது. அப்பா சீவிச் செய்து கொடுத்தது. எங்கள் முற்றத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு.

பிசெரா அதையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“அன்னைக்கு முட்டை எடுக்கப் போனேன்,” என்றாள். “குஸ்மானுக்கு அப்புறமா. ரெண்டு கையிலயும் முட்டை. குச்சியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, முட்டையை வச்சிட்டு வந்து செருகலாம்னு...”

“வந்து செருகினியா?”

அவள் சட்டென்று குனிந்து குச்சியை எடுத்து மறுபடியும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

“துன்யா, நீ எதையும் பார்க்கல.”

“பார்த்தேனே!”

“நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை புரோச்கா வருதுல்ல? அன்னைக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்கத்தானே போறோம். அதோட அதுவும் சேர்ந்து போயிடும்.”

அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அக்கா சொன்னாள், நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கும் குஸ்மான் வாசல் கதவை நான்கு தடவை இழுத்துப் பார்த்தான். அதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலை ஆராதனைக்கு எல்லாரும் தேவாலயம் போனோம்.

எங்கள் பாதிரியார் மெத்தோதி ஆள் ஆறடி. வெள்ளைத் தாடி இடுப்புக்கு மேல்வரை தொங்கும். ஆராதனை முடிந்ததும் முதலில் அவர்தான் முழங்காலில் நின்றார். “இந்த வருஷம் உங்கள்ல யாரையாவது நான் புண்படுத்தியிருந்தா என்னை மன்னிச்சிடுங்க,” என்றார். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து குனிந்தார். குஸ்மான் முன்னால் குனிந்தபோது தாடி அவன் மூக்கில் பட்டு அவன் தும்மிவிட்டான்.

அவருக்குப் பின்னால் எல்லாரும் வரிசையாக வந்தோம். ஒவ்வொருவரும் மற்ற எல்லாரிடமும் கேட்க வேண்டும். “மன்னிச்சிடுங்க.” “கடவுள் மன்னிக்கட்டும்.” “மன்னிச்சிடுங்க.” “கடவுள் மன்னிக்கட்டும்.”

பிசெரா குஸ்மானுக்கு முன்னால் வந்தாள்.

“மன்னிச்சிடு,” என்றாள், ஒரே மூச்சில்.

“கடவுள் மன்னிக்கட்டும்,” என்றான் குஸ்மான்.

அவ்வளவுதான். அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் நான் அவள் காதில் சொன்னேன். “இது கள்ளாட்டம். எதுக்கு மன்னிச்சான்னு அவனுக்கே தெரியாது.”

“கேட்டேனா இல்லையா? அவன் சொன்னானா இல்லையா?”

“அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?”

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி என்பதால் அவர்கள்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மேஜை நிறையச் சாப்பாடு. சீஸ் அடைத்த பித்தா ரொட்டி, வெள்ளை அல்வா, ஒரு கிண்ணம் அவித்த முட்டை. ஈஸ்டர் வரை இனிமேல் பாலும் கிடையாது, சீஸும் கிடையாது, முட்டையும் கிடையாது.

முதலில் சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்தார். “அண்ணே, மன்னிச்சிடுங்க.”

“எதுக்குடா?”

“உங்க ஏணியை வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராததுக்கு.”

“இன்னும் தரலையேடா!”

“அதுக்கும் சேர்த்துதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு சித்தி அம்மாவிடம் கேட்டாள். நான் எல்லாரிடமும் கேட்டுவிட்டுக் கடைசியில் பிசெராவிடமும் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “மன்னிச்சேன், மன்னிச்சேன்” என்றாள்.

கடைசியாகக் குஸ்மான் வந்தான்.

அவன் கையில் பெரிய ஆரஞ்சு இருந்தது. கடையில் இருந்ததிலேயே பெரியதாகத் தேடி எடுத்தானாம். ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினானாம். இரண்டு கைகளாலும் அதைப் பிசெராவின் மடியில் வைத்தான். அவள் கையை எடுத்து முத்தமிட்டான்.

“ஷார்காவைச் சாகடிச்சதுக்கு என்னை மன்னிச்சிடுக்கா,” என்றான். “இனிமே எல்லாக் கதவையும் மூடுவேன். நெஜமா மூடுவேன்.”

சித்தி மூக்கை உறிஞ்சினாள்.

இப்போது பிசெரா “நான் மன்னிச்சேன்” என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். சூடான அடுப்பைத் தொட்டவள்போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஆரஞ்சோடு அறையை விட்டு ஓடினாள்.

“என்ன பொண்ணு இது!” என்றார் சித்தப்பா. “ஒரு கோழிக்காக இவ்ளோ வீம்பா?”

குஸ்மானின் உதடு பிதுங்கியது. “அக்கா மன்னிக்க மாட்டாளாம்மா?”

நான் எழுந்தேன். நானாவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் பிசெரா திரும்பி வந்துவிட்டாள்.

நேராக மேஜைக்கு வந்து அந்தச் சிவப்பு நுனிக் குச்சியை எல்லாருக்கும் நடுவில் வைத்தாள்.

“இது என் கோட்டு பாக்கெட்ல இருந்துச்சு,” என்றாள். “கூண்டைத் திறந்து போட்டது நான்தான். குஸ்மான் இல்ல. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். இதுவரைக்கும் நான் சொல்லல.”

பிறகு குஸ்மானுக்கு எதிரில் முழங்காலிட்டாள். அவன் தந்த ஆரஞ்சை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். தன் பங்குக்கு இன்னொன்றையும் சேர்த்து வைத்தாள்.

அம்மா தடுமாறிப் போனாள். “எழுந்திருடி! பெரியவ சின்னவன் கால்ல விழறதா? முறை இல்லையே இது.”

“இன்னைக்கு சர்ச்சுல பாதிரியாரே இவன் முன்னாடி குனிஞ்சாரும்மா,” என்றாள் பிசெரா. “நான் என்ன அவரைவிடப் பெரியவளா?”

அப்பா தாடையைச் சொறிந்துகொண்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. என் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியபோதெல்லாம் அவள் பெரியவள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தரையில் முழங்காலிட்டபோதுதான் தோன்றியது.

குஸ்மான் இரண்டு ஆரஞ்சுகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தான்.

“அப்ப நான் கதவை மூடினேனா?”

“மூடினே.”

“குச்சியைச் செருகினேனா?”

“நல்லா செருகியிருந்தே. நான்தான் உருவினேன்.”

“மூடினேன்!” என்று கத்தினான் குஸ்மான். “அம்மா, நான் மூடினேன்! அப்பவே சொன்னேன்ல!” முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு காணாமல் போனது. புருவம் சுருங்கியது. காது சிவந்தது.

“எனக்குக் கோபமா வருது,” என்றான்.

“மன்னிச்சேன்னு சொல்லுடா கண்ணா,” என்றாள் சித்தி. “இன்னைக்கு புரோச்கா. சொல்லிடணும்.”

“மாட்டேன்.”

“குஸ்மான்!” என்று அதட்டினார் சித்தப்பா.

பிசெரா தலையை நிமிர்த்தினாள். “அவனைத் திட்டாதீங்க சித்தப்பா. வாரம் பூரா அழுதது அவன்தானே? அவனுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். நான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

சொன்னபடியே அவள் சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. “சரி, முட்டை ஆட்டத்தை ஆரம்பிக்கலாம்,” என்றார். அவித்த முட்டை ஒன்றைத் தோலுரித்து, சிவப்பு நூலில் கட்டி, நூலின் மறுமுனையைச் சப்பாத்திக் கட்டை போன்ற நீளக் கட்டையில் முடிச்சுப் போட்டார். கட்டையை உயர்த்திப் பிடித்து ஆட்டினார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடும் முட்டையை வாயால் கவ்வ வேண்டும். யார் கவ்வுகிறார்களோ அவர்களுக்கே முட்டை.

வருடா வருடம் ஜெயிப்பது பிசெராதான். அவளுக்கு வாய் அவ்வளவு பெரிது. இந்த வருடம் அவள் விளையாட வரவில்லை.

நான் பாய்ந்தேன். முட்டை கன்னத்தில் இடித்துவிட்டுப் போனது. குஸ்மான் பாய்ந்தான். முட்டை அவன் மூக்கில் மோதியது, நெற்றியில் மோதியது, மறுபடியும் மூக்கில் மோதியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குஸ்மானும் சிரித்துக்கொண்டே வழக்கம்போலப் பிசெராவைத் திரும்பிப் பார்த்தான்.

பிசெரா சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குஸ்மான் ஆட்டத்தை நிறுத்தினான். அப்பா கட்டையோடு நின்றார். முட்டை மட்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் சுவரோரம் போனான்.

“செவ்வாய்க்கிழமையே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“புதன்கிழமை?”

“தெரியும்.”

“நான் பிரிட்ஜை மூணு தடவை பார்த்தேன்ல, அப்ப?”

“அப்பவும் தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சுடா. எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். அது நான்தான்னு எப்படிச் சொல்றது? பயமா இருந்துச்சு.”

குஸ்மானின் கண்கள் விரிந்தன. “உனக்குமா பயம்?”

“எனக்கும்தான். இப்பக்கூட.”

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கையை வாயருகில் வைத்து ரகசியம் பேசினான். ரகசியம் அறை முழுக்கக் கேட்டது.

“அக்கா, என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல. சர்ச்சுல எல்லாரும் எல்லார்கிட்டயும் கேட்பாங்க. நெஜமான தப்புக்கு என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல.”

“தோணலைன்னா விட்டுடு. நாளைக்குக் கேட்கிறேன். நாளன்னைக்கும் கேட்கிறேன்.”

“நாளைக்கு முட்டை கிடையாதே,” என்றான் குஸ்மான் கவலையோடு.

அவன் எழுந்தான். அறை நடுவிலிருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டவில்லை. கையில் அல்வா ஒட்டியிருந்தது. அதைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தான். பிறகு கையை நீட்டினான்.

பிசெரா வந்து முழங்காலிட்டாள். “குஸ்மான், பொய்யா உன்மேல பழி போட்டதுக்கும், தெரிஞ்சும் சொல்லாம இருந்ததுக்கும் என்னை மன்னிச்சிடு.” அந்தப் பிசுபிசுத்த சின்னக் கையில் முத்தமிட்டாள்.

குஸ்மான் தொண்டையைச் செருமினான். அப்பாவின் குரலை வரவழைத்துக்கொண்டான்.

“நான் மன்னிச்சேன். கடவுளும் மன்னிக்கட்டும்.”

சொல்லி முடித்ததும் அந்தப் பெரிய மனிதக் குரல் உடைந்துபோனது. நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பிசெராவும் அழுதாள். “நீ எவ்ளோ நல்லவன்டா, எவ்ளோ நல்லவன்டா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது. ஒரு வாரம் முழுக்க அவன் சுமந்த பாரம் அவனுடையதே இல்லை. அதை இறக்கி வைத்த கையோடு அவளுடைய பாரத்தையும் இறக்கிவிட்டான். ஆறு வயதுக்கு அது பெரிய காரியம்.

அழுது முடித்ததும் குஸ்மான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலியில் ஏறினான். முதுகை நிமிர்த்தினான். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

“வேற யாராச்சும் இருக்கீங்களா?”

எனக்குப் பகீரென்றது. அந்தக் குச்சி கல்தரையில் விழுந்த சத்தத்தை நானும் கேட்டவள்தானே. நான் மெல்ல எழுந்து போய் அவன் முன்னால் முழங்காலிட்டேன்.

“எனக்கும் தெரியும் குஸ்மான். நானும் சொல்லல.”

அவன் என்னை முறைத்தான். பிறகு பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினான்.

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு எனக்கு அடுத்து வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா.